உள்பொக்கற்றுக்குப் போன கை

பொலிஸ் ஆட்களை மடக்கிப் பிடிக்கிற வீடியோக்களைப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிற வேலைக்கு நான் போய்ச் சேர்ந்தது என் வாயால்தான். லண்டனில் நோயாளர் டொக்டரைப் பார்க்க வருகிற ஒரு சேர்ஜரியின் வரவேற்பு மேசையில் இருபது வருடமாக இருக்கிறேன். ஒருநாள் ஓய்வுபெற்ற தாதி ஒருவர், ஜமெய்க்காவிலிருந்து சிறுவயதில் இங்கு வந்தவர், ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம் கொண்டுவந்து மேசையில் வைக்கலாமா என்று கேட்டார். பொலிஸ் பலத்தைப் பயன்படுத்திய சம்பவங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் குழுவுக்கு ஊர்ச்சனத்திலிருந்து ஆட்கள் தேவை என்று அதில் இருந்தது. "பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள், அவர்கள் செய்கிறதைத்தானே செய்வார்கள்" என்று வாயைக் கொடுத்தேன். அவர் பேனையை எடுத்தார். "இப்படிக் கதைக்கிற ஆள் ஒருவர் எங்களிடம் இல்லை" என்று அந்த இடத்திலேயே என் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர்தான் குழுவின் தலைவி என்பது பிறகுதான் தெரிந்தது.

சம்பளம் கிடையாது. ரீயும் பிஸ்கற்றும் உண்டு. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பின்நேரம் நாலு மணிக்கு, நூலகத்தின் மேல்மாடி அறையில் ஏழு பேர் கூடுவோம். பொலிஸ் சார்ஜன் ஒருவர் மடிக்கணினியோடு வருவார். பொலிஸ்காரரின் நெஞ்சில் மாட்டியிருக்கும் கமெரா எடுத்த படங்களைத்தான் பார்ப்போம். எதைக் காட்டுவது என்று முன்பெல்லாம் பொலிஸே தீர்மானித்ததாம். தலைவி சண்டை பிடித்து அதை மாற்றியிருந்தார். இப்போது பட்டியலில் உள்ள இலக்கங்களில் நாங்கள் எதைத் தொடுகிறோமோ அதைத்தான் சார்ஜன் போடவேண்டும். முகங்களை மங்கலாக்கி இருப்பார்கள், சத்தம் அப்படியே இருக்கும்.

பார்த்து முடிந்ததும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றில் ஒன்றைச் சொல்லவேண்டும். பச்சை என்றால் செய்தது சரி. மஞ்சள் என்றால் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம். சிவப்பு என்றால் அந்தப் பலம் தேவையே இல்லை. சிவப்பு விழுந்தால் விஷயம் மேலிடத்துக்குப் போகும், செய்தவர் பதில் சொல்லவேண்டும், பயிற்சியில் எதை மாற்றுவது என்று அவர்கள் எங்களுக்கு எழுத்தில் தரவேண்டும். இதோடு கண்டிப்பான விதி ஒன்றும் இருந்தது. படத்தில் வருகிறவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் உடனே சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய் அங்கே கிடக்கிற நீள வாங்கில் இருக்கவேண்டும். தலைவியே ஒருமுறை, அயல்வீட்டுக்காரரின் மகன் என்று சொல்லி எழுந்து போய், அரை மணித்தியாலம் வெளியே இருந்து கம்பளி பின்னிவிட்டு வந்தவர்.

உள்ளதைச் சொல்வதென்றால், அந்தக் குழுவில் ஆகக் கூடுதலாகப் பச்சை போட்டது நான்தான். காலை எட்டு மணிக்கு சேர்ஜரிக் கதவு திறந்ததிலிருந்து மேசைக்கு முன்னால் நின்று கத்துகிற சனத்தைச் சமாளிக்கிறவளுக்கு, தெருவில் நின்று சமாளிக்கிறவன் மேல் கொஞ்சம் இரக்கம் வரும்தானே. எங்களோடு சோமாலியர் ஒருவர் இருந்தார். மினிகப் ரக்ஸி ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறவர். "உங்கள் வீட்டில் யாராவது பொலிஸில் இருக்கிறார்களா" என்று என்னைப் பகிடி பண்ணுவார். ஒரு படத்தில், கையைக் காட்டச் சொன்ன பிறகும் ஒரு மனிதர் பொக்கற்றுக்குள் கையை விட்டுத் துழாவினார். அவரைச் சுவரோடு அழுத்திக் கைவிலங்கு போட்டார்கள். "காட்டு என்றால் காட்டுகிறதுதானே, உள்ளே என்ன தேடுகிறது" என்று சொல்லிப் பச்சை போட்டேன். அந்த மனிதர் யாரோ, எந்த நாட்டில் பிறந்தவரோ. இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் குடும்பத்துக்கு இருந்த பெரிய கவலை அத்தான்தான், என் அக்காவின் கணவர். அறுபத்தேழு வயது. பெற்றோல் நிரப்புகிற செற்றில் இரவும் பகலும் நின்று உழைத்து, பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்டு ஓய்வாக இருக்கிற மனிதர். ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் நூலகத்தில் பேப்பர் பார்த்து, மீன்கடைக்காரரோடு அரசியல் கதைத்து, பாலோ பாணோ வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மணிக்குத்தான் வீடு திரும்புவார். வெள்ளிக்கிழமையென்றால் இரண்டு ரயில் மாறி ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய்விடுவார். தை மாதத்தில் ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவுக்கு போன் பண்ணி, உறைபனியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது என்று சொன்னார்.

பிளாஸ்ரர் கழற்றியும் மனிதர் வாசலைத் தாண்டவில்லை. "இஞ்ச பார், பால் முடிஞ்சாலும் போறாரில்லை. கதிரையும் அவரும்தான்" என்று அக்கா என்னிடம் அழாத குறை. நாங்கள் எல்லோரும் பழியைச் சப்பாத்தின் மேல் போட்டோம். நான் கடை கடையாக ஏறி, அடியில் முள்ளு முள்ளாக ரப்பர் வைத்த சப்பாத்து ஒரு சோடி வாங்கிக் கொண்டுபோய், "இனிப் பனி என்ன, ஐஸ் கட்டியில நிண்டாலும் சறுக்காது, எழும்பி நடவுங்கோ" என்று அதட்டினேன். முருகனுக்கும் லீவு குடுத்திட்டீங்களோ என்று கேலியும் செய்தேன். அவர் சப்பாத்தைப் போட்டுப் பார்த்து, நல்லா இருக்கு பிள்ளை என்று சொல்லி, திரும்பக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அவர் மறுபடியும் தெருவில் நடக்கவேண்டும், எங்களுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

மாசி மாதக் கூட்டத்தில் மூன்றாவதாகப் போட்ட படம் அது. சார்ஜன் முன்கதையைச் சொன்னார். ஒரு கடைக்குள் ஒருவன் கத்தியைக் காட்டி மிரட்டிவிட்டு ஓடியிருக்கிறான். கறுப்பு ஜக்கெற், கம்பளித் தொப்பி. பக்கத்துத் தெருக்களில் தேடப் போன இரண்டு பொலிஸ்காரரில் ஒருவரின் கமெரா. காலை பத்து மணி வெளிச்சம். கறுப்பு ஜக்கெற்றும் தொப்பியுமாக ஒருவர் கடைகளுக்கு முன்னால் நடந்து வருகிறார். நில் என்று குரல் கேட்கிறது.

அந்த ஆள் நின்றார். கையிலிருந்த பையைச் சரிந்து விழாதபடி சுவரோடு சாத்தி வைத்தார். நிமிர்ந்து, இடது கையால் தொப்பியைக் கழற்றினார். வலது கை ஜக்கெற்றுக்குள் போனது. கையைக் காட்டு என்று பொலிஸ்காரர் கத்தினார். கத்தியதும் அந்தக் கை இன்னும் வேகமாக உள்ளே போனது. அதன் பிறகு படத்தில் வானம் தெரிந்தது, சுவர் தெரிந்தது, நடைபாதைக் கல் தெரிந்தது. குச்சி முறிகிற மாதிரி மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. அதற்கு மேலாக, "ஐயோ சேர், ஐசி, ஐசி" என்று தமிழ் வாய் ஒன்று முனகியது.

அடையாள அட்டையை எங்கள் ஊரில் ஐசி என்போம். முகத்தை மங்கலாக்கி என்ன பிரயோசனம். பையைச் சாத்தி வைத்த விதத்திலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது, குரலைக் கேட்டதும் அது தீர்ந்தது. அது அத்தான். கடைசியில் பொலிஸ்காரர் குனிந்து, அவருடைய விரல்களுக்குள் இருந்த பிளாஸ்ரிக் உறையை எடுத்துப் பார்த்தார். முதியவர்களுக்குக் கொடுக்கிற பஸ் பாஸ்.

விதிப்படி நான் அந்த நொடியே எழுந்திருக்கவேண்டும். எழும்பலாம் என்று குனிந்து பார்த்தபோது, என் வலது கை மடியிலிருந்த கைப்பையின் சிப்பைத் திறந்து உள்ளே போயிருந்தது. சேர்ஜரி அடையாள அட்டையை விரல்கள் பிடித்திருந்தன. அந்தப் பொலிஸ்காரர் கத்தியது ஒரு மடிக்கணினிக்குள் இருந்து, அதுவும் வேறு ஒருவரைப் பார்த்து. முப்பது வருடமாக லண்டனில் இருக்கிற எனக்கே கை போயிருக்கிறது. நான் எழும்பவில்லை.

மற்றவர்கள் பேசத் தொடங்கினார்கள். கத்தி என்று தகவல், உள்பொக்கற்றுக்குள் கை போகிறது, எச்சரித்தும் வெளியே எடுக்கவில்லை, விதிமுறைப்படி பார்த்தால் அவர் செய்ததில் பிழை சொல்லமுடியாது என்றார் சார்ஜன். மினிகப்காரரும் தலையை ஆட்டினார். "கிழவர் பாவம். ஆனால் மஞ்சளுக்கு மேல் என்னால் போகமுடியாது." இன்னும் இரண்டு பேர் பச்சை என்றார்கள். தலைவி என்னைப் பார்த்தார்.

நான் சொன்னேன். எங்கள் நாட்டில் சண்டைக் காலத்தில் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. சீருடைக்காரன் நில் என்றால் ஒருவரும் சொல்லாமலே மூன்று காரியம் செய்யவேண்டும். கையில் இருப்பதைக் கீழே வைக்கவேண்டும், தொப்பியைக் கழற்றவேண்டும், ஐசியை எடுத்து நீட்டவேண்டும். கேட்ட பிறகு எடுக்கிறவனுக்கு அடி விழும். அவன் கத்தினால், நீ சுணங்கிவிட்டாய் என்று அர்த்தம், இன்னும் கெதியாக எடுக்கவேண்டும். "இந்த மனிதர் உங்கள் ஆளை எதிர்க்கவில்லை. தலையிலிருந்து கால்வரை மரியாதை செய்கிறார். நீங்கள் கத்தக் கத்த அந்தக் கை உள்ளேதான் போகும்." என் கைப்பையைத் தூக்கி மேசையில் வைத்து, என் கை எங்கே கிடந்தது என்பதையும் காட்டினேன்.

சார்ஜன் படத்தைத் திரும்பப் போட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். கையைக் காட்டு என்று கத்தியதிலிருந்து ஆள் நிலத்தில் கிடக்கும்வரை நாலு விநாடி. இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை என்றார். வாக்கெடுத்தபோது ஆறு சிவப்பு, ஒரு மஞ்சள்.

அப்போதுதான் நான், "அவர் என் அக்காவின் கணவர்" என்று சொன்னேன். மறைத்து வைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் வாக்கு விழும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தது உண்மை. நான் வெளியே போயிருந்தால் அந்தக் கையைப் பற்றிச் சொல்வதற்கு அந்த அறைக்குள் ஒரு குருவியும் இல்லை.

தலைவி பேனையை மூடினார். "இந்த முடிவு செல்லாது" என்றார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. நடந்தது நடந்ததுதானே, நான் பொய் சொன்னேனா என்று கேட்டேன். பிஸ்கற் தட்டைத் தள்ளிய வேகத்தில் அது மேசையின் அடுத்த கரைக்குப் போய் நின்றது. அவர் குரலை உயர்த்தவில்லை. "அவர்கள் விதியை மீறினார்களா என்று பார்க்கத்தான் இங்கே இருக்கிறோம். நாங்களே மீறினால் எந்த முகத்தோடு கேட்பது?" அவர் சொன்னது சரி. சரி என்று தெரிந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

படிக்கட்டில் இறங்கும்போது பின்னால் வந்து என் தோளைப் பிடித்தார். படம் இன்னொரு பகுதியின் குழுவுக்குப் போகும், நான் சொன்ன எதையும் அவர்கள் கேட்கப்போவதில்லை, ஆனால் அடிபட்டவரே எழுதிக் கொடுத்தால் அதை அவர்கள் வாசித்தாகவேண்டும் என்றார். அவர்கள் கூடுவதற்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள், இருந்தது. இனி எல்லாம் அத்தான் வாயில்தான். அவரோ சறுக்கி விழுந்தேன் என்று வீட்டுக்கே பொய் சொல்லி வைத்திருக்கிற மனிதர்.

சனிக்கிழமை காலையில் போனேன். அக்கா குசினிக்குள் நின்றாள். அத்தான் முன்னறைக் கதிரையில் இருந்து இடது கையால் ரீ குடித்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"அத்தான், நீங்கள் சறுக்கி விழேல்லை."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் பாத்தனான். அவங்கட கமெராவில."

"அப்ப எல்லாரும் பாத்திட்டினமோ?"

"முகம் தெரியாது. மறைச்சுத்தான் போடுவினம்."

"முகம் தெரியாமல் நீ என்னெண்டு கண்டனீ?"

"பையைச் சுவரோட சாத்தி வச்சீங்கள்."

"முட்டை இருந்தது" என்றார்.

நான் குழு, விதி, மூன்று கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "என்ர பிழைதான், பிள்ளை. அவன் கையைக் காட்டு எண்டுதான் சொன்னவன். நான்தான் உள்ளுக்கு விட்டனான். எனக்கென்ன இங்கிலீஷ் விளங்காதோ? அவன் கத்தினவுடன நான் இஞ்ச நிக்கேல்லை. ஊரில சாவடியில நிக்கிறன். அவ்வளவுதான்."

"அதை ஏன் எங்களிட்ட மறைச்சனீங்கள்?"

அவர் இடது கையால் வலது மணிக்கட்டைத் தடவினார். "பிள்ளையளை இஞ்ச கூட்டிக்கொண்டு வரேக்க நான் ஒண்டே ஒண்டுதான் சொன்னனான். அங்க பொலிசைக் கண்டால் சனம் ஒதுங்கும், இஞ்ச சனம் போய் வழி கேக்கும் எண்டு. இனி அதுகளிட்ட நான் என்னெண்டு போய்ச் சொல்லுறது?"

எனக்கு அந்த மனிதரைப் பார்க்கத் தாங்கவில்லை. கை முறிந்த நோவை இரண்டு மாதமாக வாய்க்குள் வைத்துக்கொண்டு, நாங்கள் சப்பாத்தைத் திட்டும்போதெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டியிருக்கிறார். நிமிர்ந்தால் குசினி வாசலில் ஈரக்கையோடு அக்கா நிற்கிறாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது.

"அப்ப அந்தச் சப்பாத்து?" என்றாள்.

அவள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள், பிறகு அதாலேயே கண்ணைத் துடைத்தாள். "நாப்பது வருசமா ஒரு வீட்டுக்குள்ள இருக்கிறம். எனக்குச் சொல்லேல்லை. எனக்கு" என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் அவரைத் திட்டித் தீர்த்தாள். திட்டி முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எழுதடி. நடந்ததெல்லாத்தையும் எழுது. ஒண்டும் விடாதை."

அவர் தமிழில் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். பை, தொப்பி, ஐசி, கத்தின சத்தம், கல் முகத்தில் பட்டது எல்லாம் வந்தது. கடைசியில், "அந்தப் பொலிஸ்காரர் பிறகு தன்ர ஜக்கெற்றைக் கழட்டி என்ர தலைக்குக் கீழ வச்சவர். அம்புலன்ஸ் வாறவரைக்கும் பக்கத்தில முழங்காலில நிண்டவர். அதையும் போடு" என்றார்.

"அது என்னத்துக்கு இப்ப?" எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"ஒண்டும் விடாதை எண்டு உன்ர அக்கா சொன்னவ."

போட்டேன். மற்றக் குழு படத்தைப் பார்த்து, அந்தக் கடிதத்தையும் வாசித்து, சிவப்பு என்று முடிவு செய்தது. இரண்டு மாதம் கழித்து அத்தானுக்கு மன்னிப்புக் கடிதம் வந்தது. சம்பந்தப்பட்ட பொலிஸ்காரர் திரும்பவும் பயிற்சிக்குப் போகவேண்டும் என்றும் இருந்தது. எங்கள் பகுதிப் பொலிஸ்காரருக்கு ஒரு புதிய அறிவுறுத்தல் கொடுத்திருந்தார்கள், ஒரு பக்கம்தான். ஒருவரின் கை பொக்கற்றை நோக்கிப் போனால் இரண்டு அடி பின்னால் வை. உன் உள்ளங்கைகளைக் காட்டு. கத்தாதே, குரலைத் தணித்துச் சொல். என்ன வேண்டும் என்று ஒரு வசனத்தில் சொல். அவர் விளங்கிக்கொள்ள நேரம் கொடு. ஆயுதத்தைக் கண்ணால் கண்டாலொழிய வயதானவரை நிலத்தில் வீழ்த்தாதே. வேறு நாடுகளில் சோதனைச் சாவடிகளில் வாழ்ந்தவர்கள் கேட்க முன்னமே அடையாள அட்டையை எடுப்பார்கள் என்று கடைசி வரியில் இருந்தது. சார்ஜன் அதைத் தலைவியிடம் கொடுக்க, தலைவி அதை சேர்ஜரி மேசையில் கொண்டுவந்து வைத்தார். கூடவே, என்னை ஒரு வருடம் குழுவிலிருந்து நிறுத்தியிருக்கிற கடிதத்தையும் வைத்தார். இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பக்கத்தை நான் மனப்பாடமாக்கிவிட்டேன் என்றே சொல்லலாம். வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் வாயைக் கொடுத்திருக்கிறேன், ஒன்றும் மாறியதில்லை. இது மாறியது. அன்றைக்கே அக்கா வீட்டுக்குக் கொண்டு ஓடினேன். அத்தான் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை வாசித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கினம்" என்றார். அப்படியென்றால் வாங்கோ, கடைப்பக்கம் ஒருக்கால் நடந்திட்டு வருவம் என்றேன். இன்றைக்கு வேண்டாம் என்றார். அடுத்த சனியும் இன்றைக்கு வேண்டாம் என்றார். அவசரப்படுத்தக் கூடாது என்று அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நான் கேட்காமலே சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். எங்கள் பொலிஸ் பகுதிக்குள்ளேயே இருக்கிற ஈஸ்ட் ஹாமுக்குப் போனோம். ஸ்ரேசனில் இறங்கி ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நடந்தோம். வெயில் நன்றாக இருந்தது. நகைக்கடை வாசலில் கலியாண வீட்டுக்காரர் கூட்டமாக நின்றார்கள், மரக்கறிக் கடைக்காரர்கள் பெட்டிகளை நடைபாதைவரை தள்ளி வைத்திருந்தார்கள். அத்தான் முருங்கைக்காயை முறித்துப் பார்த்து வாங்கினார், விலையைக் கேட்டுக் கடைக்காரரோடு ஒரு பாட்டம் வாதாடினார். பழைய மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. பையைத் தூக்கவும் என்னை விடவில்லை.

சேலைக்கடை தாண்டி ஒரு இளம் பொலிஸ்காரி நின்று, போன் பறிக்கிறவர்களைக் கவனமாக இருங்கள் என்ற துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிரித்த முகம். எங்களைக் கண்டதும் ஒன்றை எடுத்துக்கொண்டு, "குட் மோர்னிங், சேர்" என்று முன்னால் வந்தாள்.

அத்தான் நின்றார். பை கையிலிருந்து அப்படியே விழுந்தது. முருங்கைக்காய் நடைபாதையில் சிதறியது. இரண்டு கைகளும் மேலே போயின, தலைக்கு மேலே, பத்து விரல்களும் விரிந்தபடி. இவ்வளவு ஒழுங்காக ஒரு காரியம் பழகாமல் வராது. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று மாதக்கணக்காகப் பழகினவர் என்று அக்கா பிறகு சொன்னாள்.

அந்தப் பொலிஸ்காரி இரண்டு அடி பின்னால் வைத்தாள். பிரசுரங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு உள்ளங்கைகளையும் காட்டினாள். குரலைத் தணித்து, இந்தத் தாளைத் தரத்தான் வந்தேன் என்று ஒரு வசனத்தில் சொன்னாள். பிறகு பேசாமல் நின்று நேரம் கொடுத்தாள். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு வரியையும் அவள் விடவில்லை. பச்சை என்றால் அதுதான் பச்சை. அத்தானின் கைகள் இறங்கவில்லை. சனம் எங்களைச் சுற்றி விலகிப் போனது.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. கிட்டப் போய் அவருடைய முழங்கையைப் பிடித்தேன்.

"கையை இறக்குங்கோ, அத்தான். ஒண்டுமில்லை. பேப்பர்தான் குடுக்கிறா."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண் அவள் மேலேயே இருந்தது.

"நீ சொல்லாதை, பிள்ளை" என்றார். "அவ சொல்லட்டும்."

அதை நான் அந்தப் பெண்ணுக்கு இங்கிலீஷில் சொல்லவேண்டியிருந்தது. அவள் முகம் சிவந்துவிட்டது. ப்ளீஸ் சேர், கையை இறக்குங்கள் என்றாள். அத்தான் முதலில் இடது கையை இறக்கினார், பிறகு வலது கையை இறக்கினார். அவள் நீட்டிய தாளை இரண்டு கையாலும் வாங்கினார். "தாங்க் யூ, மேடம்" என்றார்.